ராணுவ விமான அருங்காட்சியகமும் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போர் விமானங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்குக் கேமராவோடு போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு ஸ்பிட்ஃபயர் எடுத்தேன், ஒரு மிக் எடுத்தேன்" என்று ரகங்களை எண்ணிக்கொண்டு திரும்புவதில் எனக்கு நிறைவு கிடைப்பதில்லை. எதிரே நிற்பது தனக்கென்று ஓர் எண்ணும், தன்னில் ஏறிப் பறந்த மனிதர்களும், பட்ட அடிகளும் உள்ள தனி விமானம். அதைப் படத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் கீழே சொல்லப் பார்க்கிறேன்.

முதல்முறையாகப் போகிறேன். எங்கே தொடங்குவது?

பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே. பத்துப் பதினைந்து விமானங்கள் மட்டும் உள்ள சிறிய இடம் முதல் பயணத்துக்கு மிகவும் ஏற்றது. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் சுற்றி வரலாம், கூட்டம் நெருக்காது, அங்கே இருக்கும் வழிகாட்டி நின்று பேசுவார்.

இந்தியாவில், டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் 1967-இல் திறக்கப்பட்ட விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. நாட், மாருத் முதலிய நம் போர் விமானங்களோடு, ஜப்பானின் தற்கொலைத் தாக்குதல் விமானமான ஓகாவும் அங்கே உண்டு. கோவா டபோலிமில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாக், அலிசே, சீ ஹாரியர் ஆகியவற்றைப் பார்க்கலாம். விசாகப்பட்டினம் கடற்கரையில் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது டியூ-142 அருங்காட்சியகம். 29 ஆண்டுகள் கடலைக் கண்காணித்துவிட்டு, அரக்கோணம் ராஜாளி தளத்தில் ஓய்வு பெற்ற விமானம் அது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். உள்ளே ஏறி நடந்தும் பார்க்கலாம்.

வெளிநாட்டுப் பயணம் வாய்த்தால், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தை முதலில் சொல்வேன். 1923-இல் சிறிய அளவில் தொடங்கிய அதில் இன்று விமானங்களும் ஏவுகணைகளுமாக 350-க்கு மேல் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாஷிங்டனுக்கு அருகே சாண்டிலியில் 2003-இல் திறக்கப்பட்ட உட்வர்-ஹேஸி மையத்தில் உயர்ந்த நடைபாதைகள் இருப்பதால், மற்ற இடங்களில் கண்ணுக்கே படாத விமானத்தின் முதுகுப் பக்கத்தை எடுக்க முடியும். இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்ட், ஹெண்டன், காஸ்ஃபோர்ட் அருங்காட்சியகங்கள் மூன்றும் முக்கியமானவை. பிரிட்டன் அணுகுண்டு சுமப்பதற்காகக் கட்டிய வேலியன்ட், விக்டர், வல்கன் மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு காஸ்ஃபோர்டை விட்டால் வேறு வழியில்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

படம் எடுக்காமல் பார்ப்பவருக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு. டேட்டனுக்கு இரண்டு நாள் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க ஓடினால், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது நூறு படங்களில் ஒன்றுகூட மனத்தில் ஒட்டாது. நேரம் குறைவாக இருந்தால் ஐந்து விமானங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் என்னென்ன விசாரித்துக்கொள்ள வேண்டும்?

கேமராவுக்கு அனுமதி உண்டா, தனிக் கட்டணம் உண்டா, முக்காலி கொண்டு வரலாமா, ஃபிளாஷ் பயன்படுத்தலாமா, எவ்வளவு பெரிய பையை உள்ளே விடுவார்கள். இந்த ஐந்தும் இடத்துக்கு இடம் மாறும், அதே இடத்தில் காலத்துக்குக் காலமும் மாறும். நண்பர் போன வருடம் சொன்னதை நம்பிப் போகாமல் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். படங்களை விற்கவோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ எண்ணம் இருந்தால் அதற்கு எழுத்து மூலமாகத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். நீங்கள் பார்க்க ஆசைப்படும் அந்த விமானம் இப்போது காட்சியில் இருக்கிறதா? புதுப்பிக்கும் பட்டறைக்கோ வேறோர் இடத்துக்கோ அது போயிருக்கலாம். நெடுந்தூரம் போய், சங்கிலிக்குள் வெறும் தரையைப் பார்த்துவிட்டு நானும் திரும்பியிருக்கிறேன்.

பல அருங்காட்சியகங்கள் இயங்கிக்கொண்டிருக்கும் விமானத் தளத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. அங்கே அடையாள அட்டை கேட்பார்கள். வேலிக்கு அப்பால் ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இவற்றில் சமரசத்துக்கு இடமில்லை.

உள்ளே போனதும் முதல் வேலை?

கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு விமானத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, எங்கே நின்றால் பின்னால் இருக்கும் விளக்கோ தூணோ மறைகிறது, எந்தப் பக்கத்தில் வண்ணம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும். பிறகு தகவல் பலகையை ஒரு படம், விமானத்தின் எண்ணை ஒரு படம். அதற்குப் பின்தான் மற்றவை. இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டால், வீட்டுக்கு வந்தபின் "இது எந்த விமானம்?" என்று விழிக்க வேண்டியிருக்காது.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எண் தெரிந்தால்தான் கதை கிடைக்கும். உட்வர்-ஹேஸியில் நிற்கும் கறுப்பு எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் எண் 61-7972. முன்னால் உள்ள 61, அது எந்த நிதியாண்டின் கணக்கில் வாங்கப்பட்டது என்பதைக் குறிக்கும். வாலில் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 17972 என்று எழுதியிருப்பார்கள். இந்த விமானம்தான் 1990 மார்ச் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடங்களில் பறந்து சாதனை படைத்தது. அந்தப் பயணமே அதை அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்பதற்கான பயணம். இதைத் தெரிந்துகொண்டு அந்த வாலுக்கு எதிரே நிற்பதும், "ஏதோ ஓர் எஸ்ஆர்-71" என்று நிற்பதும் ஒன்றாக முடியுமா?

ஹெண்டனில் உள்ள லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் எண் ஆர்5868. அதன் மூக்கில் சிறு சிறு மஞ்சள் குண்டுப் படங்கள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குண்டும் அது போய்த் திரும்பிய ஒரு தாக்குதலைக் குறிக்கும். மொத்தம் 137 தாக்குதல்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இரண்டாம் உலகப் போரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒரே விமானம் 137 முறை திரும்பி வந்தது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரியும். விமானம் முழுவதையும் ஒரு படத்துக்குள் அடக்கப் பார்ப்பதைவிட, அந்த மஞ்சள் வரிசைகள் படச் சட்டம் நிறைய வரும்படி ஒரு படம் எடுங்கள். அந்த விமானத்தைப் பற்றி அதுதான் அதிகம் பேசும்.

எந்த லென்ஸ் கொண்டுபோவது?

ஒன்றே ஒன்றுதான் என்றால் 24–105 மில்லிமீட்டர் போன்ற ஜூம் லென்ஸ். ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகைக்குள் இட நெருக்கடி இருப்பதால் 16 அல்லது 18 மில்லிமீட்டர் அகல லென்ஸைத்தான் எல்லோரும் நாடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மூக்கின் அருகே நின்று எடுத்தால் மூக்கு பூதாகாரமாகவும் வால் சுண்டெலி வால்போலவும் வரும். முடிந்தவரை பின்னால் நகருங்கள். மூலைக்குப் போய், குறுக்குவாட்டில் நின்று, 28 அல்லது 35 மில்லிமீட்டரில் எடுங்கள். விமானம் தன் உருவத்தோடு வரும். 85-க்கு மேற்பட்ட லென்ஸ் நுணுக்கங்களுக்குப் பயன்படும்.

உள்ளே ஒரே இருட்டு. முக்காலிக்கும் அனுமதியில்லை. என்ன செய்ய?

பழைய வண்ணத்தையும் துணியையும் வெளிச்சம் வெளுக்கச் செய்யும் என்பதால் பல கூடங்களில் விளக்கை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வசதி உண்டு. உங்கள் எதிரே இருப்பது அசையாது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் கை ஆடாமல் இருந்தால் போதும்.

கம்பித் தடுப்பின் மேல் மடித்த துணியை வைத்து அதன்மேல் கேமராவை வையுங்கள். தூணில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தரையிலேயே வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுக்கலாம். கீழிருந்து பார்க்கும்போது போர் விமானங்களுக்கு ஒரு தனி கம்பீரமும் வரும். அதிர்வு தாங்கும் வசதியுள்ள கேமராவில் 1/15 விநாடி வரை கையில் பிடித்தே எடுக்கலாம். ஒரே காட்சியைத் தொடர்ந்து நாலைந்து முறை எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக விழும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று உயர்த்தத் தயங்க வேண்டாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைத் திருத்த முடியும், ஆடிப்போன படத்தைத் திருத்த முடியாது. லென்ஸின் திறப்பு அளவான அபர்ச்சர் 5.6-லிருந்து 8 வரை இருந்தால் மூக்கிலிருந்து இறக்கை நுனிவரை ஓரளவு தெளிவு கிடைக்கும்.

ஃபிளாஷ் அனுமதிக்கப்பட்ட இடத்திலும் நான் போடுவதில்லை. பளபளக்கும் உலோகத்தில் வெள்ளைத் திட்டு விழும், பின்னால் இருப்பதெல்லாம் கறுத்துப்போகும், அருகில் நிற்பவருக்கும் எரிச்சல்.

படங்களில் நிறம் ஒரு மாதிரி வருகிறது, குறுக்கே பட்டை பட்டையாகவும் விழுகிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். ஒரே கூடத்தில் மஞ்சள் விளக்கும், எல்இடியும், ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சமும் கலந்திருந்தால் கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது. கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்துக்கொண்டு பிறகு சரிசெய்யுங்கள். தகவல் பலகையின் வெள்ளைப் பகுதியை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் அதுவே அளவுகோலாக உதவும்.

பட்டைகள் விழுவது விளக்குகள் நொடிக்கு நூறு அல்லது நூற்றிருபது முறை மின்னி மறைவதால். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100, அமெரிக்கா போல 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/125 என்று வையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

கறுப்பு விமானம் சாம்பல் நிறமாகவும், வெள்ளை விமானம் அழுக்காகவும் வருகிறதே?

காட்சி எதுவானாலும் அதைச் சராசரிச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் கேமராவின் ஒளிமானி பார்க்கும். எஸ்ஆர்-71 போன்ற கறுப்பு விமானம் சட்டத்தை நிறைக்கும்போது வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமாக, குறையுங்கள். டேட்டனில் இருக்கும் எக்ஸ்பி-70 வல்கிரி என்ற சோதனைக் குண்டுவீச்சு விமானம் முழுக்க வெள்ளை. அதற்கு ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். (கட்டப்பட்ட இரண்டில் ஒன்று 1966 ஜூன் 8 அன்று நடுவானில் மோதி விழுந்தது. எஞ்சியிருப்பது இது மட்டுமே. அதன் பின்னால் நின்று ஆறு எஞ்சின்களின் புகைவாய்களை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.)

பின்னால் ஜன்னலோ திறந்த ஹேங்கர் கதவோ இருந்தால் கணக்கு வேறு. அந்த வெளிச்சம் சட்டத்துக்குள் வராதபடி இடம் மாறி நிற்பதுதான் நல்லது.

காக்பிட் கண்ணாடியில் என் முகமே தெரிகிறது. போலரைசர் உதவுமா?

லென்ஸின் முன்னால் மாட்டும் இந்த வடிகட்டி கொஞ்சம் உதவும், சில சமயம் கெடுக்கும். வண்ணம் பூசிய பரப்பிலும் கண்ணாடியிலும் விழும் பிரதிபலிப்பை அது குறைக்கும். வெறும் உலோகத்தின் பளபளப்பில் அதற்கு வேலையில்லை. இருட்டுக் கூடத்தில் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. விமானி உட்காரும் காக்பிட்டின் மேல்மூடி பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. வளைத்துச் செய்தபோது அதற்குள் தங்கிய அழுத்தம், போலரைசர் வழியாகப் பார்க்கும்போது வானவில் கோடுகளாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது படத்தில் விழுந்துவிடும்.

கண்ணாடிக்கு அருகே போக அனுமதி உள்ள இடத்தில், லென்ஸின் முனையில் மென்மையான ரப்பர் வளையத்தை மாட்டி, கண்ணாடியைத் தொடாமல் ஒரு விரல்கடை தூரத்தில் வைத்து எடுங்கள். அடர்ந்த நிறச் சட்டை அணிந்து போவதும் பிரதிபலிப்பைக் குறைக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் எடுத்த காக்பிட் படத்தில் பாதி அவருடைய சட்டையாகத்தான் இருக்கும்.

எதை எடுத்தாலும் பின்னால் இன்னொரு விமானத்தின் வால் முளைக்கிறது.

கொட்டகைக்குள் விமானங்களை ஒன்றின் இறக்கைக்கடியில் இன்னொன்றின் மூக்கு என்று நெருக்கி வைத்திருக்கிறார்கள். முழு விமானமும் சுத்தமாக வர வேண்டும் என்ற ஆசையைப் பாதியளவாவது விட்டுவிடுங்கள். தரையோடு தரையாகக் குனிந்தால் பின்னணி கூரையாக மாறும். மாடியிருந்தால் அங்கிருந்து பின்னணி தரையாக மாறும். இரண்டும் இல்லாத இடத்தில் பகுதிகளை எடுங்கள். கூட்டத்துக்கு மருந்து பொறுமை. திறந்த முதல் அரைமணி நேரமும் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் ஆள் குறைவாக இருக்கும்.

பகுதிகள் என்றால் எவை?

இந்தக் கேள்விக்கு மட்டும் நாள் முழுக்கப் பதில் சொல்வேன்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசைகளைப் பாருங்கள். சில ரகங்களில் தலைகள் புடைத்து நிற்கும், சிலவற்றில் காற்றுக்குத் தடையில்லாமல் மழமழவென்று பதிந்திருக்கும். எஞ்சின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் படிந்த கரி, விமானி ஏறும் இடத்தில் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து வண்ணம் போன, இறக்கை உடம்போடு சேரும் பகுதி, "இங்கே மிதிக்காதே", "இங்கே தூக்கு" என்று தீட்டிய சிறு எழுத்துகள், வண்ணம் கொஞ்சம் மாறித் தெரியும் ஒட்டுத் தகடு. சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழிக்குள் எட்டிப் பாருங்கள். குழாய்களும் கம்பிகளும் நரம்புபோல ஓடும். இறக்கைகள் எல்லாருடைய படத்திலும் உண்டு. இந்தக் குழி பத்துப் பேரில் ஒருவர் படத்தில்கூட இருக்காது.

ஹெண்டனில் உள்ள ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் டபிள்யூ1048 முழுவதுமே இப்படிப்பட்ட நுணுக்கம்தான். 1942 ஏப்ரலில் ஜெர்மன் போர்க்கப்பல் திர்பிட்ஸைத் தாக்கப் போய், சுடப்பட்டு, நார்வேயில் உறைந்த ஏரியின்மேல் இறங்கிப் பிறகு மூழ்கியது. 1973-இல் வெளியே எடுத்தார்கள். அதைப் புதிதுபோல் ஆக்காமல் ஏரி விட்டுவைத்த நிலையிலேயே வைத்தார்கள். அரித்துப்போன தகடு, கிழிந்த ஓரம், மங்கிய நிறம் எல்லாம் அப்படியே. பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் விழும் கோணத்தைத் தேடுங்கள். நேர் முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் அந்தச் சொரசொரப்பு தட்டையாகிவிடும்.

திறந்தவெளியில் நிற்கும் விமானங்களுக்கு?

காலை, மாலை. உச்சி வெயிலில் இறக்கைக்குக் கீழே கன்னங்கரேலென்று நிழல் விழுந்து வயிற்றுப்பகுதி மறைந்துவிடும். மேகமூட்டமான நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். நிழலே இல்லாமல் வண்ணம் அழகாக வரும். மேல்மூடியை வெள்ளைப் பூச்சோ உறையோ போட்டு மறைத்திருப்பதும், எஞ்சின் வாயை மூடியிருப்பதும் வெயிலிலிருந்தும் கூடு கட்டும் பறவைகளிடமிருந்தும் காப்பதற்காக. அது படத்தில் வந்தால் வரட்டும். அரிசோனாவில் சுமார் 400 விமானங்கள் வைத்திருக்கும் பீமா அருங்காட்சியகம் பெரும்பகுதி வெட்டவெளியில்தான் இருக்கிறது. வறண்ட பாலைவனக் காற்றில் துரு ஏறுவது குறைவு. ஈரக் காற்றும் உப்பும் உள்ள இடங்களில் வெளியே நிற்கும் விமானங்கள் வேகமாகக் கெடும். அவற்றை முதலில் போய் எடுத்துவிடுங்கள்.

தொட்டுப் பார்க்கலாமா? காக்பிட்டில் உட்காரலாமா?

அவர்களே "வாருங்கள், உட்காருங்கள்" என்று சொன்னால் மட்டும். சில அருங்காட்சியகங்கள் காக்பிட்டைத் திறந்துவிடும் சிறப்பு நாட்களை நடத்துகின்றன. மற்ற நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வியர்வையின் உப்பு வெற்று உலோகத்தில் கறையாக நின்றுவிடும். ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பின்பாதி முழுக்கத் துணி. விரலால் அழுத்தினால் கிழியக்கூடும். இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்களின் மீட்டர் முட்கள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். அந்தக் கதிரியக்கம் இன்னும் இருக்கிறது. சில காக்பிட்களைத் திறக்க மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விமானத்தில் இப்போது இருக்கும் வண்ணம் உண்மையானதா?

பல சமயம் இல்லை. பிரபலமான வேறொரு விமானத்தின் எண்ணையும் சின்னத்தையும் பூசி நிறுத்தியிருப்பார்கள். தகவல் பலகையில் "இந்த வண்ணத்தில் காட்டப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கவனியுங்கள். அசல் எண் உடம்புத் தகடு ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு வீசிய பாக்ஸ்கார் டேட்டனில் நிற்கிறது. அதன் மூக்கில் உள்ள படம் அந்தப் பயணத்துக்குப் பிறகு தீட்டப்பட்டது. படக்குறிப்பு எழுதும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

அணுகுண்டு வீசிய அந்த மாதிரி விமானங்களுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது சரியா?

எனக்கு மனம் வருவதில்லை. உட்வர்-ஹேஸியில் ஹிரோஷிமா மீது குண்டு வீசிய எனோலா கே பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை நான் எடுத்தால் தனியாக, ஆள் யாரும் இல்லாத சட்டத்தில்தான் எடுப்பேன். அதே இடத்துக்குத் தாத்தாவை இழந்த குடும்பமும் வரும், அந்த விமானங்களைப் பழுது பார்த்த முதியவரும் வருவார். அங்கே வழிகாட்டியாக நிற்பவர்களில் பலர் படையில் வேலை பார்த்த தன்னார்வலர்கள். கேமராவை இறக்கிவிட்டு அவர்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எந்தக் கதவு எப்போதும் இறுகிப்போகும், எங்கே தலையை இடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்காது. அனுமதி கேட்டு அவரையும் விமானத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி போதுமா?

போதும். அதன் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அதி அகல லென்ஸ் இருட்டில் குழம்பும். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, திரையில் விமானத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு எடுங்கள்.

நான் மாதிரி விமானங்கள் கட்டுகிறவன். எனக்கு எப்படிப்பட்ட படங்கள் வேண்டும்?

அழகைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நேர் செங்குத்தாக, முடிந்த அளவு தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுங்கள். கோணச் சிதைவு குறையும். சக்கரக் குழி, ஆன்டெனா, புகைபோக்கி, இறக்கை மடிப்பு ஆகியவற்றை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். இடது வலது ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

எடுத்த படங்களை எப்படி வைத்துக்கொள்வது?

கோப்பின் பெயரில் ரகம், எண், இடம், தேதி நான்கும் இருக்கட்டும். "லங்காஸ்டர் ஆர்5868 ஹெண்டன்" என்று தேடினால் பத்து வருடம் கழித்தும் கிடைக்க வேண்டும். தகவல் பலகைப் படத்தையும் அதே கோப்புறையில் போடுங்கள். பூச்சு மோசமாக இருக்கிறது என்று ஒரு படத்தையும் அழிக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது அந்த விமானத்துக்குப் புது வண்ணம் அடித்திருப்பார்கள். பழைய தேய்மானமும் ஒட்டுத் தகடும் எங்கே இருந்தன என்பது அப்போது உங்கள் படத்தில் மட்டும் இருக்கும். புதுப்பிக்கும் வேலையில் இருப்பவர்கள் அப்படிப்பட்ட படங்களைத் தேடிக் கேட்பதும் உண்டு.